காசு வாங்காத கடைத்தெரு

சிறு பிள்ளையை அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் பணப்பையைத் தடவிப் பார்ப்பது உலக வழக்கம். மிருகக்காட்சிச்சாலை என்றால் ஒரு செலவு. காலிமுகத் திடல் என்றால் இறால் வடை, பட்டம், பலூன் என்று ஒன்பது செலவு. ஆனால் ஆண்டில் இரண்டு மூன்று இரவுகள் மட்டும் கொழும்பு மாநகரில் பணப்பைக்கு வேலையே இல்லை. வீதிக்கு வீதி கொட்டகை போட்டு, சோறும் கடலையும் கிழங்கும் குளிர்பானமும் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் கொடி காட்டி மறித்துச் சாப்பிட்டுப் போகும்படி மன்றாடுகிறார்கள். வெசாக் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் தன்சல்களைத்தான் சொல்கிறோம்.

தானசாலை என்னும் சொல்தான் சிங்கள மக்கள் நாவில் தன்சல் ஆயிற்று. நமக்கு இது முற்றிலும் புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் அமராதவர் நம்மில் யார்? வடலூரில் 1867 ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில் இரவு பகலாகப் பந்தி நடக்கிறது. ஆனால் ஒரு மாநகரமே தன் அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும் காட்சியை வெசாக்கிலேதான் காணவேண்டும்.

2023 ஆம் ஆண்டு வெசாக், மே 5 ஆந் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. எமது கடைக்குட்டிக்கு அப்போது வயது ஆறு. அவளை அழைத்துச் செல்லவேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் உண்டு. 2022 இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் தவங்கிடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எமது கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைகளில் நின்றே அவள் ஐந்து வயதைக் கடந்தாள். எமது முறை வருமுன்னே “முடிந்துவிட்டது” என்று கேட்டு, வெறுங்கலனோடு வீடு திரும்பிய நாட்கள் பல. அதன் பின்னர் எங்கே நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அப்பா, முடிஞ்சிருமா?”

எமது அன்னையாரையும் அழைத்தோம். அவர் அசையவில்லை. “சோத்துக்கு வரிசையில நிக்கிறதை நான் பன்னெண்டு வயசிலேயே நின்னு முடிச்சிட்டேன். நீங்க போயிட்டு வாங்க” என்றார். அது 1974. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் பசியால் மக்கள் மாண்ட காலம். அதற்குப் பிறகு 1977 இலும் 1981 இலும் இரத்தினபுரி மாவட்டத்து லயங்களில் தீ வைக்கப்பட்டபோது காட்டுக்குள் ஒளிந்த கதையை அவர் எமக்கு முழுதாகச் சொன்னதில்லை. பெருங்கூட்டம் என்றால் அவர் கதவைச் சாத்திக்கொள்வார். நாமும் வற்புறுத்தவில்லை.

குருவிட்டவிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் மூன்று மணி நேரம் போதும். வெசாக் நாளில் ஐந்தும் ஆகும். 1912 முதல் இவ்வழியே இரத்தினபுரிக்கு ஒரு சின்னஞ்சிறு இரயில் குறுகிய பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. 1976 இல் அவிசாவளைக்கு இப்பால் அப்பாதையை மூடிவிட்டார்கள். எமது ஊரின் பெருமை இரத்தினக் குழிகளும் சிவனொளிபாதமலைக்கு ஏறும் எரத்ன வழியும் மட்டுமல்ல. அருகிலுள்ள பட்டதொம்பலென குகையில், ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் காட்டு ஈரப்பலாவும் கெகுண விதையும் நத்தையும் தின்று வாழ்ந்த மனிதரின் எச்சங்களைச் சிரான் தெரணியகல முதலிய அறிஞர்கள் அகழ்ந்தெடுத்தார்கள். கடற்சிப்பிகளும் அங்கே கிடைத்தன. ஆகவே சாப்பாட்டை உத்தேசித்துக் குருவிட்டவிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரயாணம் போனவர்களில் நாம் முதல்வர் அல்லர்!

எஹலியகொடையைத் தாண்டியதும் முதல் கொடி தெரிந்தது. இளைஞர்கள் நடுவீதியில் நின்று பஸ்ஸை நிறுத்தி, இறங்கச் சோம்பியவர்களுக்கு ஜன்னல் வழியாகவே பெலிமல் பானத்தைக் காகிதக் கோப்பைகளில் நீட்டினார்கள். கடைக்குட்டி கையை நீட்டுமுன் எம்மைப் பார்த்தாள். “காசு குடுங்கப்பா” என்றாள். காசு வேண்டாம் என்றதும் அவள் கோப்பையை வாங்கவே தயங்கினாள். காசு கொடுத்தே கிடைக்காத காலத்தைக் கண்ட பிள்ளை, சும்மா கிடைப்பதை எப்படி நம்பும்?

புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாக இருக்கும் மைத்துனரின் அறையில் மூட்டையை இறக்கிவிட்டு, மாலை மயங்கும் வேளையில் புறப்பட்டோம். கங்காராமய விகாரையைச் சுற்றியும் பேரை வாவிக் கரையிலும் வெசாக் கூடுகள் ஆயிரமாயிரம் எரிந்தன. எண்கோணக் கூடுகளின் காகித வால்கள் காற்றில் ஆட, அவற்றின் நிழல் நீரில் ஆட, அவள் சிறிது நேரம் வாய் பேசாமல் நின்றாள். அலங்காரப் பந்தல்களில் ஜாதகக் கதைகள் வண்ண விளக்குகளில் ஓடின. மேடைகளில் வெள்ளுடைச் சிறுமியர் பக்திப் பாடல் இசைத்தனர். இவற்றையெல்லாம் விரிப்பின் பெருகும். பிள்ளையின் மனம் ஐஸ்கிறீம் தன்சலில் இருந்தது.

ஐஸ்கிறீம் வரிசையோ அனுமார் வால்! முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த நெரிசலில் அவளது ஒரு செருப்பு எவர் காலோடோ போய்விட்டது. எமக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கையில் பெட்டி காலியாகிவிட்டது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள். ஆறு வயதுப் பிள்ளை அப்படிச் சொல்லும்போது பெற்றவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? எமது மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போதுதான் நாம் எதிர்பாராத ஒன்று நடந்தது. பரிமாறிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் கொட்டகையைவிட்டு இறங்கி, வரிசை நெடுகிலும் நடந்து, ஒவ்வொருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டான். பணம் கொடுத்து நின்ற வரிசைகளில் இல்லாத மரியாதை அது. எம் பேச்சைக் கேட்டதும் சிங்களத்தை விட்டு அரைகுறைத் தமிழில், “அங்கே சோறு இருக்கு, கிழங்கு இருக்கு, போங்க அக்கா” என்று வழியும் காட்டினான்.

அந்த அடுத்த கொட்டகையில் மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். பரிமாறியவர் வயோதிகர், வெள்ளைச் சாரம், வியர்வையில் நனைந்த சட்டை. கடைக்குட்டியின் வழக்கமான கேள்வி பிறந்தது: “முடிஞ்சிருமா?” எமக்குத் தெரிந்த சிங்களத்தில் அதை அவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “இங்கே வா, துவே” என்று அவளை அழைத்து, பின்புறம் வரிசையாக இருந்த கிடாரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஆவி பறக்கும் கிழங்கு விளிம்பு மட்டும் நிறைந்திருந்தது. நான்கையும் எண்ணிப் பார்த்த பிறகே அவள் சாப்பிட உட்கார்ந்தாள். அப்புறம் சாப்பிட்ட சாப்பாட்டை நாம் சொல்லப்போவதில்லை; கண் படும்.

எம்மை எந்த ஊர் என்று கேட்டார்கள். குருவிட்ட என்றதும், இவ்வளவு தூரம் வந்தவர்களா என்று இன்னும் ஒரு கரண்டி வைத்தார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

குறை இல்லாத விழாவா? அதுவும் இல்லை. ஒலிபெருக்கிகள் காதைத் துளைத்தன. காகிதத் தட்டும் கோப்பையும் வீதியெங்கும் சிதறிக் கிடந்தன. விடியற்காலையில் அவற்றைக் கூட்டி அள்ளுகிறவர்களைப் பற்றி எந்த ஒலிபெருக்கியும் ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளைகளோடு போக விரும்புவோர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிவு செய்த தன்சல்தானா என்று விசாரிப்பது நன்று; கொதிக்கக் கொதிக்கக் கிடைப்பதையே கொடுங்கள். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி வையுங்கள். செருப்பு வேண்டாம், வாரிட்ட சப்பாத்தே உத்தமம். இது அவளைத் தோளில் சுமந்துகொண்டு புறக்கோட்டை வரை நடந்தவர் கூறும் புத்திமதி.

ஞாயிற்றுக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் மாலை வேலை முடிந்து வருகையில், லயத்து வாசலில் எமது சிவப்புத் துவாலை ஒரு கம்பில் பறந்துகொண்டிருந்தது. கடைக்குட்டி ஒரு பலகையில் கோப்பைகளை அடுக்கி வைத்து, வீட்டுத் தேயிலையையும் சீனியையும் தாராளமாகச் செலவழித்துச் சாயத் தண்ணீர்த் தன்சல் நடத்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். நாம் கடைசியில் போய் நின்றோம்.

அன்னையார் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“அப்பாயி, வரிசையில வாங்க!”

“நான் வரமாட்டேன், போ.”

அவள் சற்று யோசித்தாள். பிறகு ஒரு கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி, தளும்பாமல் திண்ணைக்கு நடந்தாள். “பஸ்ஸுல இருந்து இறங்காதவங்களுக்கு ஜன்னலாலயே குடுப்பாங்க, அப்பாயி.”

அன்னையார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

“சீனி கூடிப்போச்சு” என்றார். ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.