நேரிலேயே சொன்னால் என்ன?

செஞ்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருகிறவர் ராஜா தேசிங்குதான், அல்லவா? 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் சேனையோடு பொருது மாண்ட வாலிப ராஜா. ஆனால் கோட்டை பார்க்க வருகிற சிநேகிதர்களுக்கு நான் முதலில் காட்டுவது வாசல்களைத்தான். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. ஏற ஏற ஒரு வாசல், அதற்குப் பின் இன்னொரு வாசல். எல்லாவற்றையும் தாண்டி, மூச்சு வாங்கிக்கொண்டு உச்சியை நெருங்கினால் பாறை பிளந்து ஒரு பெரும் பள்ளம். அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தை மட்டும் எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை ஈ காக்கை கூட அணுக முடியாது. ராஜா தரிசனம் என்றால் சும்மாவா?

கடவுளையும் நம்மில் பலர் இப்படித்தான் மலை உச்சியில் வைத்திருக்கிறோம்.

எங்கள் தெருக்கோடியில் மல்லாட்டை வறுத்து விற்கிறாள் ஓர் ஆயா. (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான்.) அவள் மகன் பெங்களூருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. வரவும் இல்லை, போனும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம், "வாத்தியாரய்யா, நீங்க வேதக்காரங்க. ஒங்க சாமிகிட்ட எம் பையனுக்காக ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள்.

"கட்டாயம் சொல்றேன் ஆயா. ஆனா, நீங்களே சொல்லலாமே?"

"நானா? எனக்கு ஜெபமெல்லாம் வராதுங்க. எழுத்து கூடத் தெரியாது."

"பையன்கிட்ட போன்ல பேச எழுத்து தெரியணுமா?"

ஆயா பதில் சொல்லவில்லை. அடுப்பைக் கிளறினாள்.

எனக்கு அருளானந்தர் ஞாபகம் வந்தது. போர்ச்சுகலில் பிரபு குலத்தில் பிறந்த அந்தப் பாதிரியார், 1674-ல் இந்தச் செஞ்சிச் சீமைக்கு வந்தவர். காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், தமிழ் கற்றார். 1677-ல் சிவாஜி மகாராஜா கோட்டையைப் பிடித்த அமளியெல்லாம் அவர் காலத்தில்தான். 1693-ல் ஓரியூரில் அவர் தலை வெட்டுண்டது. 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் சூட்டினார்கள். ஜனங்களோடு தமிழில் பேசிய அவரும் பூசையை லத்தீனில்தான் வைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் காலம் வரை நம் கத்தோலிக்கக் கோயில்களில் அதுதான் முறை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-ல் முடித்தார். கடவுள் பேசுவதைத் தமிழில் கேட்டவன், தானும் தமிழில் பேசத் துணிய மாட்டானா?

அப்பாவிடம் கேட்கப் பயந்து அம்மாவைத் தூது அனுப்புகிற வீடுகள்தானே நம்முடையவை! ஆகையால் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆயுசு முழுவதும் மகன் நேரே முகம் பார்த்துப் பேசவே இல்லை என்றால், அந்த அப்பாவின் மனசு என்ன பாடுபடும்?

மறுநாள் ஆயாவுக்கு அன்னாளின் கதையைச் சொன்னேன். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் அவள் ஆலயத்தில் நின்று வேண்டினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியர் ஏலி, 'குடித்துவிட்டு வந்திருக்கிறாள்' என்றே முடிவு கட்டிவிட்டார்!

ஆயா சிரித்துவிட்டாள். "பூசாரிக்கு எங்க தெரியப் போவுது, பொம்பள மனசு!"

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், "மதம் மாற்றுகிறீரா?" என்றார். சபையில் இன்னொருவர், "இவ்வளவு தூரம் வந்தவளை ஞானஸ்நானத்துக்கு அழைத்து வரக் கூடாதா?" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் என்னிடம். தேசிங்கு ரங்கநாதரைக் கும்பிட்டவர். அவருடைய உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் அல்லாவைத் தொழுதவன். கல்யாணப் பந்தலை விட்டெழுந்து வந்து, நண்பனுக்காகப் போர்க்களத்தில் உயிர் விட்டான் என்று நம் ஊர்க் கதைப்பாடல் சொல்லும். ஒருவர் சாமியை மற்றவரிடம் மூடி மறைத்தா அந்தச் சிநேகம் வளர்ந்திருக்கும்? மனசுக்கு ஆறுதல் கிடைத்த இடத்தை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் இருப்பது கருமித்தனம். சொன்ன பிறகு கையைப் பிடித்து இழுப்பதோ முரட்டுத்தனம்.

ஆனாலும் ஆயா ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்! "எந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறது?"

"நான் 'இயேசுவே'ன்னுதான் கூப்பிடறேன், ஆயா. எனக்கு வாசலைத் திறந்துவிட்டது அவர்தான்."

"சிங்கவரத்து ரங்கநாதர் கோவிச்சுக்க மாட்டாரா?"

என்ன சொல்ல? சும்மா இருந்தேன். அவளும் விடை வேண்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. சிங்கவரம் குன்றுப் பக்கம் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மல்லாட்டை வாங்கப் போனேன். "சொல்லிட்டேங்க" என்றாள். எந்தப் பெயரைச் சொன்னாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மகனிடமிருந்து போன் வந்ததா என்று மட்டும் கேட்டேன். இன்னும் இல்லையாம்.

"நாளைக்கும் சொல்லணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, படியில் அளந்து கொட்டி, மேலே ஒரு பிடி கொசுறும் போட்டாள்.