மன்றமா, பன்றமா?

உங்க லேப்டாப்பில் வேர்டைத் திறந்து ஃபான்ட் பட்டியலில் கீழே போய்ப் பாருங்க. 'ஸ்டென்சில்' என்று ஒன்று இருக்கும். ராணுவப் பெட்டிமேல் அடித்தது போலத் தடித்த எழுத்து, நடுநடுவே வெட்டு. 1937ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் கம்பெனிக்காக ஜெரி பவல் வடிவமைத்தது. ஒரு மாசம் முன்னாடிதான் ஹன்ட்டர் மிடில்டன் லட்லோ கம்பெனிக்கு அதே பெயரில் இன்னொன்று செய்திருந்தார். இரண்டிலும் பெரிய எழுத்து மட்டும்தான். வேடிக்கை என்னன்னா, இரண்டுமே உலோக அச்சு எழுத்துகள். உலோகத்துக்கு அந்த வெட்டு தேவையே இல்லை, சும்மா கெத்துக்கு!

வெட்டு நிஜமாவே எதுக்குன்னு நான் கற்றுக்கொண்டது போன மாசம். தமிழ் மன்றத்துக்கு நாற்பது துணிப்பையில் பெயர் அடிக்கணும். லேசர் கட்டிங் தெரியும்னு நான்தான் கையைத் தூக்கினேன். ஒரு தடித்த ஃபான்ட்டைப் போட்டு, ஓஎச்பி ஷீட்டை வெட்டி எடுத்தால், 'ம'வின் வயிறு, 'ன'வின் சுழி எல்லாம் தனித்தனித் தீவாகக் கீழே விழுந்துவிட்டது. இங்கிலீஷ் பெரிய எழுத்து 26ல் ஏழுக்குத்தான் மூடின வயிறு. நமக்கு 'தமிழ் மன்றம்' என்ற ரெண்டே வார்த்தையில் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

தீவைப் பிடித்து வைக்க ஒரு பாலம் விடணும். ஒல்லியான எழுத்தில் பாலம் விட்டால் கோடு அறுந்த மாதிரி தெரியும். தடித்த எழுத்துதான் தாங்கும். பாலமே ஒல்லியா இருந்தா தூக்கிக்கிட்டு அடியில் பெயின்ட் கசியும். இதெல்லாம் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனா எங்கே விடுவது? குத்துமதிப்பா 'ம'வின் நடுக்கோட்டை மேலே வெட்டினேன். மூணு பை அடித்த பிறகு ஒருத்தன் சத்தமாப் படித்தான்: "தமிழ் பன்றம்." அப்புறம் நாள் முழுக்க 'பன்றி மன்றம்'தான்.

சிரிப்பு வந்தது, உள்ளுக்குள்ள சுருக்னும் இருந்தது. எனக்கு செகண்ட் லேங்குவேஜ் ஃபிரெஞ்சு, மார்க்குக்காக. தமிழ் வாசிப்பேன், பஸ் போர்டு புண்ணியத்தில். கையால் எழுத வராது. இந்தக் கட்டுரையும் டைப் பண்ணதுதான். 'ம'வை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கணும்னே தெரியாதவன் எங்கேன்னு வெட்டுவான்?

ராத்திரி அப்பத்தாவுக்கு வீடியோ கால் போட்டேன். "ஒரு 'ம' எழுதிக் காட்டுங்க அப்பத்தா."

"இஞ்சினியருக்கு இதுகூடத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் மெதுவாக எழுதினாங்க. இறங்கி, வலப்பக்கம் போய், ஏறி, வளைந்து, "கடைசியா வந்து கீழ்க்கோட்டைத் தொடணும் சாமி."

அந்தத் தொடுகிற இடத்தில்தான் பாலம் விட்டேன். தொடுறதுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி கோடு நிற்கும், வயிறும் விழாது. 'ன'வுக்கும் அப்பத்தா எழுத ஆரம்பித்த இடத்திலேயே, சுழிக்குள்ளே.

மீதி முப்பத்தேழு பை சரியா வந்தது. பாழான மூணில் ஒன்றை ஊருக்கு எடுத்துப் போனேன். அப்பத்தா அதில்தான் சந்தைக்குப் போறாங்க.