புள்ளிக்குள் ஒளிந்த பாம்பு!

ஆர்டுயினோ ஊனோ போர்டில் பாம்பு கேம் செய்து பார்ப்பது பள்ளிப் பிள்ளைகள் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. அந்தப் பத்தாம் வகுப்பு மாணவியும் அதைத்தான் செய்தாள். பொங்கல் காசில் 1.3 அங்குல ஓஎல்இடி திரை வாங்கி, நான்கு வயர்களையும் மாட்டினாள். பாம்பு வரவில்லை, திரை முழுக்கப் புள்ளிகள்தான்.

"போர்டு போச்சு. எனக்கு இதெல்லாம் வராது" என்று எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினாள்.

தைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "நூல் அறுந்தா மெஷினையா தூக்கிப் போடுறேன்? ஊசி, நூல், பாபின்னு ஒண்ணொண்ணாத்தானே பார்க்கிறேன்!"

டப்பா மறுபடி திறந்தது. கரன்ட்? வருகிறது. வயர்கள்? மாற்றிப் பார்த்தாள், அதே புள்ளிகள். திரையின் முகவரியைத் தேடும் சின்ன புரோகிராமை ஓட்டினாள். உடனே பதில் வந்தது. அப்படியென்றால் திரைக்கு உயிர் இருக்கிறது. பேச்சுதான் புரியவில்லை!

வாங்கிய திரையின் விவரத்தை மறுபடி படித்தபோது விஷயம் பிடிபட்டது. அவள் போட்டிருந்த லைப்ரரி, 0.96 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் இருக்கும் எஸ்எஸ்டி 1306 சிப்புக்கானது. இந்தத் திரையில் இருந்ததோ எஸ்எச் 1106. வெளியே அதே நான்கு வயர். உள்ளே நினைவகத்தில் 128 நெடுவரிசைக்குப் பதில் 132. லைப்ரரியை மாற்றினாள். பாம்பு ஓடியது!

முதலில் ஆடியவர் அம்மா. சுவரில் முட்டிப் பாம்பு செத்தது. "போர்டு சரியில்ல" என்றார்.

"மெஷின் மேல பழி போடாதம்மா!"