கணக்குக் கொப்பி யாரிடம் இருக்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் கடை, தறி, தையல், சங்கம் என்று எதையாவது நடத்துகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறோம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம்.

மருதமுனையில் எங்கள் மச்சானுக்குச் சின்னதாக ஒரு நெசவு வியாபாரம். சாரனும் சாரியும். பதினான்கு பெண்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்து தருகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் கணக்கு வழக்குப் பார்ப்பது எங்கள் பங்கு. கொழும்புக் கடைகள் ஓடரை ஈமெயிலில்தான் அனுப்பும். அதனால் கடைப் பெயரிலேயே மாதக் காசு கட்டி ஒரு முகவரி எடுத்தோம். விலைப்பட்டியல், டிசைன் படங்கள், நெசவுக் கூலி, முற்பணம் எல்லாம் கூகுள் ட்ரைவில். கொப்பி தூக்கித் திரிந்த காலம் போய்விட்டது என்று பெருமையாக இருந்தது.

எல்லாவற்றையும் அமைத்துத் தந்தவர் எங்கள் மருமகன். கெட்டிக்காரப் பிள்ளை. முகவரி கடையின் பெயரில். ஆனால் முற்பணக் கணக்கை மட்டும் தன்னுடைய சொந்த ஜிமெயிலில் திறந்து, எங்களோடு பகிர்ந்திருந்தார். எங்கள் திரையிலும் அது தெரிந்தது, எழுதவும் முடிந்தது. ஆகவே அது எங்களுடையது என்றே நினைத்துக்கொண்டோம். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

போன வருடம் அவர் கட்டாருக்குப் போனார். இலவசக் கணக்கில் மொத்தமே 15 ஜிபி. படம், வீடியோ என்று நிரம்பி, ஈமெயில் வருவதே நின்றுபோக, ஷஃபான் இருபது சொச்சத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பழைய போல்டர்களை அழித்திருக்கிறார். 'கடை' என்று பெயர் போட்டிருந்ததும் அதில் ஒன்று. கடைக்குத்தான் வேறு கணக்கு இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை.

ட்ரைவில் அழித்தது உடனே போவதில்லை. 30 நாள் குப்பைக் கூடையில் கிடக்கும். உரிமையாளர் தானாக முழுதாக நீக்காத வரை பகிரப்பட்டவர்களால் அதைத் திறக்கவும் முடியும். அதாவது அந்த ஒரு மாதமும் எங்கள் கணக்கு எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்திருக்கிறது. நாங்கள்தான் திறக்கவில்லை. பெருநாள் ஓடர், இரவுத் தொழுகை, தவணைப் பரீட்சை விடைத்தாள். பெருநாளுக்கு முன் கூலி தீர்க்க வேண்டும் என்று நோன்பு இருபத்தாறில் உட்கார்ந்தபோது அந்த இடம் வெறுமை. நாலைந்து நாள் பிந்திவிட்டோம்.

யார் எவ்வளவு முற்பணம் எடுத்தார், எவ்வளவு கழிந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எதுவுமே கையில் இல்லை. பதினான்கு வீட்டில் பெருநாள்.

அந்த இரவு எங்களுக்கு வாப்பாவின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. கரையோரம் வாப்பாவுக்குச் சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடையும் போனது, சிவப்பு அட்டை போட்ட கடன் கொப்பியும் போனது. முகாமில் இருந்த நாட்களில் சிலர் தேடி வந்து, "உங்கட கொப்பியில எனக்கு இவ்வளவு கிடந்திச்சு" என்று தாங்களாகவே சொன்னார்கள். சிலர் வரவில்லை. வர அவர்கள் உயிரோடு இல்லை. வாப்பா எல்லோருக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். அவரைத் தூங்க விடாமல் செய்தது வேறு. அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் அவர் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியது எழுதியிருந்தது. மௌத்தாகும் வரை, "இன்னாருக்குக் குடுத்திட்டமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நமக்கு வர வேண்டியது தொலைந்தால் நட்டம், அவ்வளவுதான். நாம் கொடுக்க வேண்டியது தொலைந்தால் அது அடுத்தவரின் ஹக்கு.

எங்களைக் காப்பாற்றியது காகிதம். மறுநாள் வீடு வீடாகப் போனோம். பதினொரு வீட்டில் சின்னக் கொப்பி இருந்தது. திகதி, தொகை, கொடுத்த சாரன் எத்தனை என்று எழுதி வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து. உம்மா சொல்ல மகள் எழுதியது. மூன்று பேரிடம் கொப்பி இல்லை. அவர்கள் சொன்னதையே ஏற்றுக்கொண்டோம். அதில் ஒரு மாமி 12,000 ரூபா முற்பணம் எடுத்ததாகச் சொன்னா. பெருநாள் முடிந்தபின் பழைய வட்ஸ்அப்பைத் துழாவினால் அவ கைநாட்டு வைத்த துண்டின் படம் கிடைத்தது. 9,000. தன் கடனைக் கூட்டிச் சொல்லியிருக்கிறா, குறைத்துச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில். மூவாயிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அன்று அவ வீட்டில் குடித்த தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை.

பெருநாளுக்குப் பிறகு வீட்டில் கூட்டம் வைத்தோம். இனி நகல் எடுத்து வைப்பதா, வேண்டாமா என்று. மச்சான் ஒரே பிடி. "கூகுள்காரனை விடப் பெரியவனா நாம? அவன்ட கொம்பியூட்டர் பழுதாகுமா? இதுக்கும் ஒரு செலவா?"

அவர் சொல்வதில் பாதி சரி. கூகுளோ மைக்ரோசொப்டோ தங்கள் இயந்திரம் பழுதாவதற்கு எதிராக நம் கோப்பை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாமே அழித்தால், நம் பாஸ்வேர்டைத் திருடியவன் அழித்தால், அந்த அழிப்பு எல்லா இடத்துக்கும் பணிவாகப் போய்ச் சேரும். வகுப்பில் சொல்வதென்றால், கண்ணாடியில் தெரியும் கரும்பலகை பிரதி அல்ல. பலகையைத் துடைத்தால் கண்ணாடியிலும் எழுத்து இருக்காது. மைக்ரோசொப்டின் சேவை ஒப்பந்தத்திலேயே உங்கள் உள்ளடக்கத்துக்கு அடிக்கடி நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை இருக்கிறது. நாம் வாசிக்காமல் 'சம்மதம்' அழுத்துகிறோம்.

மச்சான் அசையவில்லை. அப்போதுதான் நம் நாட்டில் நடந்ததை எடுத்தோம். 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினி மீது கப்பம் கேட்கும் தாக்குதல் நடந்தது நினைவிருக்கும். ஜிஓவி டொட் எல்கே முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான ஈமெயில்கள் போயின. அங்கே நகல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்போடு இணைந்திருந்ததால் பூட்டுப்பட்டுவிட்டது. தொடர்பு அறுத்து வெளியே வைத்த நகல் அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை.

அடுத்தது அவுஸ்திரேலியா. யுனிசுப்பர் என்ற ஓய்வூதிய நிதியம், 6 இலட்சத்துக்கு மேல் அங்கத்தவர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுட்டில் இருந்த அதன் தனிக் கிளவுட் ஒன்று அழிந்தது. முன்பு அமைக்கும்போது கூகுள் பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டதன் விளைவு. பல நாட்கள் அங்கத்தவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். மீண்டதற்கு ஒரு முக்கியக் காரணம், அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. "பாத்தீங்களா மச்சான், பெரியவனும் விழுகிறான்" என்றதும் கொஞ்சம் யோசித்தார்.

கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தது நாங்கள் அல்ல. அஸர் தொழுதுவிட்டு வந்திருந்த மௌலவி. கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் ஸூரதுல் பகராவின் 282ஆம் வசனத்தை எடுத்தார். "எழுதினாப் போதாது, சாட்சியும் வேணும் எண்டு இரிக்கி. ஒருத்தர் மறந்தா மத்தவர் ஞாபகப்படுத்தத்தான். உங்கட பைலுக்கு ஒரு சாட்சிதானே இரிக்கி?" மச்சான் பேசவில்லை. மறுநாள் கல்முனைக்குப் போய் ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். இருபதாயிரத்துக்குக் கிட்ட. விலையை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முதல் வேலையாகக் கோப்புகள் எல்லாவற்றையும் கடையின் கணக்குக்கு மாற்றினோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. உங்களில் பலருக்கு இது ஒன்று போதும். உங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கூகுள் 2023 டிசம்பர் முதல், 2 வருடம் பாவிக்காத தனிப்பட்ட கணக்குகளை நீக்கவும் தொடங்கியிருக்கிறது. முன்னாள் செயலாளர் மௌத்தாகிவிட்டால்?

பிறகு மாதம் ஒரு முறை கூகுள் டேக்அவுட்டில் ஈமெயிலையும் கோப்பையும் இறக்கி டிஸ்கில் போடுகிறோம். ஒன்றைக் கவனியுங்கள்: பிறர் உங்களோடு பகிர்ந்த கோப்புகள் பொதுவாக அதில் வருவதில்லை. அதற்காகத்தான் முதல் வேலை முதல் வேலை. ஈமெயில் ஒரே பெரிய பைலாக வரும், தட்டினால் திறக்காது. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள் வேண்டும். இது தெரியாமல் ஒரு சனிக்கிழமை முழுதும் முழித்தோம். திறந்து பார்க்காத நகலை நகல் என்று எண்ண வேண்டாம்.

பாக்கித் தொகைகளை மாதக் கடைசியில் ஒரு தாளில் அச்சிட்டு, நெய்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை வெட்டிக் கொடுக்கிறோம். கொப்பி இல்லாத மூன்று பேருக்கும் கொப்பி வாங்கிக் கொடுத்தாயிற்று.

மாதக் காசு கட்டி வேறு நிறுவனத்திடம் தானியங்கி நகல் எடுக்கும் சேவையும் இருக்கிறது. எங்களுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இரண்டு முகவரிக்கு அது யானைக்குப் போடும் தீனி. இருபது பேர் வேலை செய்யும் இடம், தினமும் கோப்பு மாறும் இடம் என்றால் கட்டாயம் எடுக்கத்தான் வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்க் என்றால் ஒரு மாத வேலை போகலாம், அதைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களால் முடியும்.

டிஸ்கில் பெண்களின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. ஆகவே அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், பாஸ்வேர்ட் ஒரு தாளில் உம்மாவின் அலுமாரியில். யாரும் சிரிக்க வேண்டாம்.

டிஸ்கை எங்கே வைப்பது என்பதில்தான் கடைசிச் சண்டை. மச்சான் கடை மேசை லாச்சியில் வைப்போம் என்றார். கடையில் இருந்து கடல் எத்தனை எட்டு என்று கேட்டோம். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இப்போது அது சம்மாந்துறையில் மூத்த ராத்தா வீட்டில் இருக்கிறது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எடுத்து வந்து, புதியதை ஏற்றி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ராத்தாவுக்கு அது என்னவென்று இன்னும் சரியாக விளங்கவில்லை. "உங்கட பெட்டிய எடுக்க மட்டும் வராம சும்மாவும் வாங்க" என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு தயிர்ச்சட்டியும் தந்துவிடுவா.