தூண்டிலும் ஒரு காலைப்பொழுதும்

வளைகுடாவிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வந்திருக்கும் நம் மகனுக்கு ஓர் ஆசை: ஊட்டியில் ஏரிக்கரையோரம் தங்கி, பாட்டனாருடன் அமர்ந்து டிரவுட் மீன் பிடிக்க வேண்டும்.

டிரவுட், குளிர்ந்த நீரை நாடும் மீன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பார் நீலகிரி ஓடைகளில் அதனை நிலைபெறச் செய்தார். நம் தாமிரபரணிச் சமவெளியின் வெதுவெதுப்பில் அது வாழாது. எண்பதைக் கடந்த வாப்பாவின் மூச்சோ ஊட்டியின் உயரத்தைத் தாங்காது.

ஆகவே அருகிலேயே இடம் தேடினோம். காரையாறு அணை புலிகள் காப்பகத்துள் அடங்கியது. அங்கே தூண்டில் வீசும் எண்ணமே கூடாது. பாபநாசம் படித்துறையில் மக்கள் பொரி தூவிப் பேணும் மீன்களைத் தொடுவது பண்பன்று. எஞ்சியது, ஆற்றுக்கால் பாயும் நம் ஊர்க்குளம். அதன் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் முதலில் அனுமதி பெற்றோம்.

மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஒரு சிரட்டை மண்புழு, வாப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி, இவ்வளவே ஆயத்தம். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பாடு. வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.

கெண்டையோ கெளுத்தியோ அகப்படாவிட்டால் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளலாம். மூன்று தலைமுறை ஒரு கரையில் அமர்ந்திருக்கும் காலைப்பொழுதை எங்கே வாங்குவது? விடுப்பில் இன்னும் ஒன்பது நாள்களே மீதமிருக்கின்றன.