பயணத்திலும் ஒரு சுப்ரா



பாடசாலை விடுமுறை நெருங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுத்தான். "இந்த முறை பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?" முன்பெல்லாம் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, பேராதனைப் பூங்கா, காலிமுகத்திடல் என்று பட்டியல் முடிந்துவிடும். ஹன்வெல்லை, பண்டாரகமை போன்ற இடங்களில் நீர்ச்சறுக்கும் ராட்டினமும் கொண்ட களியாட்டப் பூங்காக்கள் வந்த பிறகு பிள்ளைகள் கேட்பது அவற்றைத்தான். கேட்பதில் தவறும் இல்லை. வருடம் முழுவதும் பாடமும் பரீட்சையுமாக இருந்த பிள்ளைக்கு ஒரு நாள் தண்ணீரில் விளையாடக் கொடுத்து வைக்கட்டுமே.

ஆனால் அந்த ஒரு நாளைத் திட்டமிடும்போது நாம் டிக்கற் விலையை விசாரிக்கிறோம், வேன் கூலியைப் பேசித் தீர்க்கிறோம், சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிடுகிறோம். கணக்குத் தப்புவது அங்கேதான். பூங்காவின் வாசலைத் தாண்டிவிட்டால் விலை கேட்டு அடுத்த கடைக்குப் போக வழியில்லை. தண்ணீரில் விளையாடிய பிள்ளைக்கோ இரட்டிப்புப் பசி. இல்லை என்று சொல்ல எந்த வாப்பாவுக்கு மனம் வரும்?

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுத்தோம். பிறகு பணவீக்கம் இறங்கியது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதனால் "சாப்பாட்டுச் செலவு தாங்காது" என்று பயணத்தையே கைவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சஃபரும் சுஃப்ராவும்

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லின் கதையைச் சொல்ல வேண்டும்.

அரபு மொழியில் பயணத்துக்கு 'சஃபர்' என்று பெயர். அதே வேரில் பிறந்த சொல் 'சுஃப்ரா'. நிலத்தில் விரித்து, சுற்றி இருந்து சாப்பிடும் விரிப்பை நாம் சுப்ரா என்கிறோம் அல்லவா? அரபு அகராதிகளில் அச்சொல்லின் முதற்பொருள், பயணிக்காகத் தயாரிக்கப்படும் உணவு என்பதுதான். அந்த உணவைப் பெரும்பாலும் வட்டமான தோலில் வைத்துச் சுற்றி எடுத்துச் சென்றார்கள். ஆகவே உணவின் பெயர் தோலுக்கு வந்தது. பிறகு விரிப்புக்கும் வந்தது.

622ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரழி) அவர்களும் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, அவர்களுக்கான வழியுணவைத் தயாரித்தவர் அபூபக்ரின் மகள் அஸ்மா (ரழி). உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் கட்டக் கயிறு இல்லாதபோது தமது இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார். 'தாதுந் நிதாகைன்', அதாவது இரு கச்சைகளுக்குரியவர் என்ற பட்டப்பெயர் அதனாலேயே வந்தது. வழிக்குச் சோறு கட்டியதற்காக ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பெயர் அது. இனி யார் வெட்கப்பட வேண்டும், சொல்லுங்கள்.

புறப்படு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

பூங்காவுக்கு முன்கூட்டியே அழைத்து நான்கு விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியுணவுக்கு அனுமதி உண்டா? இல்லையென்றால் சாப்பிட வெளியே வந்து, அதே டிக்கற்றில் மீண்டும் உள்ளே போகலாமா? தண்ணீர்ப் போத்தலும் குழந்தையின் பாலும் கொண்டு போகலாமா? உள்ளே இருக்கும் சாப்பாட்டில் நமக்கு ஹலாலானது எது, அதன் விலை என்ன?

வெளியுணவு கூடாது என்று சொன்னால் அதை மதியுங்கள். கைப்பைக்குள்ளும் துவாய்க்குள்ளும் ஒளித்துக்கொண்டு போவதைச் சாமர்த்தியம் என்று பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். நிபந்தனையை ஏற்றுத்தான் டிக்கற் வாங்குகிறோம். வேனில் வைத்து, நேரம் பார்த்து வெளியே வந்து சாப்பிட வழி இருக்கும்போது பொய் எதற்கு?

எதைக் கட்டுவது?

நமது நாட்டு வெயிலில் எல்லாச் சாப்பாடும் பயணத்துக்கு ஒத்துவராது. தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் சீக்கிரம் புளித்துவிடும். சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு அறிந்தோர் சொல்லும் அளவு. விடியற்காலை நான்கு மணிக்குச் சுடச்சுடப் பொதி கட்டிய சோற்றைப் பகல் ஒரு மணிக்குப் பிரிப்பது ஆபத்து. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. பயணத்தில் வயிறு கெட்டால் மிச்சம் பிடித்த பணம் மருந்துக் கடைக்குப் போய்விடும்.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். காலைச் சாப்பாடு வீட்டிலிருந்து. பகல் சோறு வழியிலிருந்து.

காலைக்குப் பாணும் சீனிச் சம்பலும். வெங்காயத்தை நிதானமாக வதக்கி, மாசியும் புளியும் சீனியும் சேர்த்து, ஈரம் வற்றும்வரை கிளறிய சீனிச் சம்பல் நாட்கணக்கில் கெடாது. இரண்டு நாள் முந்தியே செய்துவிடலாம். அவித்த முட்டையைக் கோதோடு கொண்டுபோய் வேனிலேயே முடித்துவிடுவோம். இடைப்பசிக்குப் பேரீச்சம்பழம், வாழைப்பழம், வறுத்த கடலை, பிஸ்கட். சின்னப் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஏதாவது கையில் இருந்தாலே உள்ளே கடையைக் கண்டு அழுவது பாதி குறைந்துவிடும்.

தண்ணீரை மறவாதீர்கள். 2025 ஏப்ரலில் அரசாங்கம் போத்தல் தண்ணீருக்கு உச்ச விலை விதித்தபோது 500 மில்லிலீற்றருக்கு 70 ரூபா என்றும், ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்றும் நிர்ணயித்தது. அந்த விலைக்கே ஏழு பேர் ஆளுக்கு இரண்டு சிறிய போத்தல் வாங்கினால் 980 ரூபா. அந்த ஏழு லீற்றரை முதல் நாள் இரவே கொதிக்க வைத்து ஆறவிட்டு நிரப்பிக்கொண்டால் செலவு விறகோ காஸோ மட்டும்தான். இரண்டு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்து எடுத்துச் சென்றால் சாப்பாட்டுப் பெட்டியைக் குளிராக வைத்திருக்கும். பகலில் குளிர்ந்த தண்ணீராகவும் ஆகும்.

பகல் சோறு

பகல் சோற்றைப் பூங்காவுக்குள் வாங்காமல், அதற்கு முந்திய ஊரில் வாங்குங்கள். பள்ளிவாசல் இருக்கும் ஊரில் பெரும்பாலும் ஹலால் சாப்பாட்டுக் கடையும் இருக்கும். ளுஹர் தொழுகைக்கு நிறுத்தும் இடமும் சோறு வாங்கும் இடமும் ஒன்றாகிவிட்டால் நேரமும் மிச்சம். அப்படியான கடை கிடைக்காத பக்கம் போகிறீர்களா? முட்டை, மீன், மரக்கறி என்று கேட்டு வாங்குங்கள். போயா தினத்தில் பயணம் வைத்தால் அன்று இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நமது கடைகளில் கட்டித் தரும் சோற்றுப் பார்சல் ஒன்றை ஒரு பெரியவரே முடிக்கச் சிரமப்படுவார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்கினால் பாதி குப்பைக்குத்தான். நாங்கள் ஏழு பேர். நான்கு பார்சல் வாங்குவோம். வேனில் ஒரு சஹன் இருக்கும், ஒரு சுப்ரா இருக்கும். மர நிழல் பார்த்து விரித்து, நான்கையும் சஹனில் கொட்டி, சீனிச் சம்பலில் மிஞ்சியதையும் ஓரத்தில் வைத்தால் ஏழு பேருக்கும் தாராளம். இதுவரை ஐந்தாவது பார்சல் தேவைப்பட்டதில்லை.

நோன்பென்று சொன்ன பிள்ளை

சில வருடங்களுக்கு முன் எங்கள் மாணவர்களைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போனோம். பகல் வேளை. காசு கொண்டு வந்த பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினார்கள். மற்றவர்கள் வீட்டுப் பொதியைப் பிரித்தார்கள். ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் தனியே நின்றான். சாப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல சேர், நான் நோம்பு" என்றான்.

அன்று வியாழக்கிழமை. சுன்னத்தான நோன்பு நோற்கும் நாள்தான். ஆனால் சற்று நேரத்துக்கு முன்தான் அவன் குழாயடியில் தண்ணீர் குடித்ததை நான் கண்டிருந்தேன். அந்த வீட்டின் நிலையும் எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கு நெய்ச்சோறு சஹனில் வந்திருந்தது. "மகன், சுன்னத்து நோம்புதானே. விருந்துக்குக் கூப்பிட்டா விடலாம். இந்தச் சஹனில ஒரு ஆள் குறையுது, வாங்க" என்றேன். நான் சொன்னது மார்க்கச் சட்டம்தான். சுன்னத்தான நோன்பை இடையில் விடுவதற்கு அனுமதி உண்டு. அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் பிடியை எடுத்த வேகத்தில் அவன் காலையிலும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது விளங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் பாடசாலைச் சுற்றுலாக்களில் ஓர் ஒழுங்கு வைத்தோம். பகல் சோறு எல்லோருக்கும் பொது. ஐந்து பேருக்கு ஒரு சஹன். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் கடைப்பக்கம் போகலாம். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது சஹனில் தெரியாது.

"எனக்குப் பசியில்லை"

சகோதரிகளே, அந்தப் பிள்ளை சொன்னதை நம் வீடுகளில் வேறு வார்த்தையில் சொல்பவர் ஒருவர் இருக்கிறார். பயணத்தில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, "எனக்குப் பசியில்லை, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லும் உம்மா. அவர்தான் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சமைத்தவர், பிள்ளைகளை உடுத்தியவர், பைகளைக் கட்டியவர். வேனில் ஏறியதும் தலை சாய்ந்துவிடும். மற்றவர்கள் தண்ணீரில் விளையாடும்போது செருப்புக்கும் பைக்கும் காவல் இருப்பார். வீடு திரும்பியதும் கழுவ வேண்டிய பாத்திரம் அவருக்காகக் காத்திருக்கும்.

கடைச் செலவை மிச்சம் பிடித்தோம் என்று வாப்பா மகிழ்கிறார். அந்தச் செலவு முழுவதையும் உம்மாவின் தூக்கத்திலிருந்தும் முதுகிலிருந்தும் அல்லவா எடுத்திருக்கிறோம்? அதற்குச் சிக்கனம் என்று பெயர் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

பகல் சோற்றை வழியில் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். சில நூறு ரூபா கூடினாலும் பரவாயில்லை. காலைச் சாப்பாட்டிலும் வேலையைப் பங்கிடுங்கள். எங்கள் வீட்டில் சீனிச் சம்பலுக்கு வெங்காயம் உரிப்பது நானும் மூத்த மகனும். தண்ணீர் கொதிக்க வைத்து நிரப்புவது மகள். சஹன் கழுவுவது சின்னவர்கள். பைக்குக் காவல் முறைவைத்து மாறும். மனைவியின் வேலை, சம்பலின் உப்புப் புளி பார்ப்பது. இதை வாசிக்கும் சகோதரி இந்தப் பக்கத்தை வீட்டுக்காரர் கண்ணில் படும்படி வைத்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆளுக்கொரு ஆசை

கடைசியாக ஒன்று. எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், உள்ளே ஒரு சதமும் செலவழிக்க விடாமல் பிள்ளைகளை இழுத்து வருவதும் சரியல்ல. வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கம் கஞ்சத்தனத்தையும் விரும்பவில்லை. உள்ளே விற்கும் ஐஸ்கிரீமும் பஞ்சு மிட்டாயும் பிள்ளைகளுக்குப் பயணத்தின் ஒரு பகுதி. ஆகவே வீட்டிலிருந்தே ஒரு தொகையை ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல, உம்மாவுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒரே அளவு. எதை வாங்குவது, எப்போது வாங்குவது என்பது அவரவர் தீர்மானம். முதல் கடையிலேயே முடித்துவிட்டால் பிறகு கேட்கக் கூடாது. எங்கள் சின்ன மகன் போன முறை நான்கு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து, கடைசியில் காசை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான்.

இந்த விடுமுறையில் பயணம் வைக்கும் குடும்பங்கள், டிக்கற் எடுக்கு முன் சாப்பாட்டுக் கணக்கை எழுதிப் பாருங்கள். வேனில் இடம் இருந்தால், போக வசதியில்லாத உறவினர் பிள்ளை ஒன்றையும் ஏற்றிக்கொள்ளுங்கள். சஹனில் இன்னொரு கைக்கு எப்போதும் இடம் இருக்கும். அல்லாஹ் நமது பயணங்களையும் நமது உணவையும் பரக்கத் உள்ளவையாக ஆக்கி வைப்பானாக.