எட்டும் தூரத்தில்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலம்பென் என்று ஒரு சிற்றூர். அதன் கரையிலிருந்து 30 மீட்டர் அளவுக்கு நீந்தினால், நமக்குக் கீழே ஒரு சரக்குக் கப்பல் தெரியும். பெயர் லிபர்ட்டி, நீளம் 120 மீட்டருக்கும் மேல். கருமணல் சரிவில் சாய்ந்து கிடக்கும் அதன் மேல்பகுதி ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டர் ஆழத்திலும் இருக்கின்றன. மாஸ்க்கும் சுவாசக் குழாயும் மாட்டி மிதப்பவர் மேலிருந்தே பார்க்கலாம். சிலிண்டர் கட்டியவர் இறங்கிச் சுற்றி வரலாம். பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு விதமாகவும் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. பிள்ளை வளர்த்தவர்களும் வளர்க்கப்போகிறவர்களும் அறிய வேண்டிய ஒரு பாடம் அந்த நீருக்குள் இருக்கிறது.

1918-ல் அமெரிக்காவில் கட்டப்பட்ட கப்பல் அது. இரண்டாம் உலகப் போரில், ரயில் பாகங்களும் ரப்பரும் ஏற்றிச் சென்றபோது, 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு தாக்கியது. ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலும் ஒரு டச்சுப் போர்க்கப்பலும் அதைச் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துச் செல்ல முயன்றன. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால், வழியில் துலம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். அங்கே கிடந்த 21 ஆண்டுகளில் சரக்கும் சாமான்களும் கழற்றி எடுக்கப்பட்டன. 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பேரிடர் அது. அந்த அதிர்வில் கப்பல் கரையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது.

கரையில் கிடந்தவரை ஆளுக்கொன்றாய்க் கழற்றிய இரும்பு, நீருக்குள் தன் போக்கில் விடப்பட்டதும் பவளத்துக்கு வீடானது. கம்பிகளில் கடல் விசிறிகளும் கடற்பஞ்சும் படர்ந்தன. இன்று பாரை மீன்கள் கூட்டமாய்ச் சுழல்கின்றன. நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவில் அங்கே உறங்குகின்றன. அதைப் பார்க்க வருபவர்களால் ஊரும் பிழைக்கிறது. கூழாங்கல் கரையில் நம் கால் தடுமாறும். உள்ளூர்ப் பெண்களோ கனமான சிலிண்டரைத் தலையில் சுமந்தபடி நிமிர்ந்து நடக்கிறார்கள்.

இறங்கும் முன் சொல்லித்தரும் முதல் விதி, மூச்சை அடக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டே மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். உயிர் காக்கும் மூச்சையே உரிய நேரத்தில் விட்டால்தான் உயிர் பிழைக்கும்.

அடுத்த விதி, எதையும் தொடாதே. பாறைபோல் உருண்டு வளரும் பவளங்களில் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். நாம் ஒரு நொடி ஊன்றும் கை, பல ஆண்டு வளர்ச்சியை முறித்துவிடும். துருவேறிய தகடும் நஞ்சு முள் கொண்ட மீன்களும் நம் கையையும் பதம் பார்க்கும். அதனால் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, மூச்சாலேயே உடலை நிறுத்தப் பழக்குகிறார்கள். இழுத்தால் சற்று எழும்பும், விட்டால் சற்றுத் தாழும். கை சும்மா இருக்கும்போதுதான் கண் நன்றாக வேலை செய்கிறது என்பதை அங்கே உணர்ந்தேன்.

மூன்றாவது விதிதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. யாரும் தனியாக இறங்குவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு. அந்தத் துணை நம் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. எட்டும் தூரத்தில் நீந்துவார். அவ்வப்போது திரும்பிப் பார்த்து, காற்று எவ்வளவு மீதி என்று சைகையில் கேட்பார். நம் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கென்றே இன்னொரு வாய்க்குழாய் அவரிடம் இருக்கும்.

பெற்றோரின் அன்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். என்ன படிப்பது, யாரை மணப்பது, எந்த ஊரில் வாழ்வது என எல்லாவற்றிலும் கைவைக்கும் பாசம், பிள்ளையின் வளர்ச்சியை முறிக்கிறது. ‘அவன் பாடு’ என்று முகம் திருப்பிக்கொள்வதோ, துணையைக் கடலில் விட்டுவிட்டுத் தனியே கரையேறுவதாகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கடினம். அதற்கு மூச்சைப் போலவே மனத்தையும் நொடிக்கு நொடி சரிசெய்ய வேண்டும். பழகப் பழகத்தான் வரும்.

இன்று உங்கள் மகனோ மகளோ பேசும்போது, அறிவுரையைத் தொடங்கும் முன் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். அவர்கள் கேட்பதைக் கொடுக்கத் தயாராக இருங்கள். கேட்காததை அவர்கள் வாழ்க்கையிடமே விட்டுவிடுங்கள்.